ஃபார்ம்வில் 1951: ஒரு மாணவர் மன்றம் பள்ளியை நிறுத்திய நாள்

ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதுதான் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த வகுப்புத் தலைவர் வேலை. எட்டாம் வகுப்பில் நானும் அதைச் செய்திருக்கிறேன். அலுவலகத்துக்குப் போய் சாக்பீஸ் வாங்கி வருவது, நோட்டுகளை அடுக்கி ஆசிரியர் அறையில் வைப்பது, விளையாட்டு விழாவில் கொடியோடு முன்னால் நடப்பது ஆகியவையும் உண்டு. பள்ளி நிர்வாகம் மாணவர் தலைவர்களை நம்பி ஒப்படைக்கும் பொறுப்பு எந்த நாட்டிலும் ஏறக்குறைய இந்த அளவில்தான் நின்றுவிடுகிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஃபார்ம்வில் என்ற சிற்றூரில் இருந்த ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் மன்றத்துக்கும் இதைவிடப் பெரிய அதிகாரம் கிடையாது. ஆனால் 1951 ஏப்ரல் 23 அன்று அம்மன்றத்தின் தலைவரும் சில வகுப்புத் தலைவர்களும் மாணவர் சங்கப் பொறுப்பாளர்களும் சேர்ந்து, 450க்கும் மேற்பட்ட மாணவர்களை வகுப்பறைகளிலிருந்து வெளியே அழைத்து வந்தார்கள். சரியாக ஒரு மாதத்தில் அது ஒரு வழக்காயிற்று. மூன்று ஆண்டுகளில், பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் தீர்ப்பின் ஐந்து வழக்குகளில் ஒன்றாகி நின்றது. அந்த ஐந்தில் மாணவர்களே தொடங்கியது இது ஒன்றுதான்.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவியின் துணிச்சலை முதலில் சொல்வார்கள். அந்தப் பெருமை அவருக்கு முழுக்கத் தகும். எனக்கு அதோடு சேர்த்து வேறொன்றும் முக்கியமாகப் படுகிறது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவெடுத்த பார்பரா, தனியாக ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நிற்கவில்லை. பள்ளியில் ஏற்கெனவே தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களைத் தேடிப் போனார். அந்த ஒரு தேர்வு எவ்வளவு தூரம் பலித்தது, எங்கே அவர்கள் கைமீறிப் போனது என்பதைத்தான் இங்கே ஆராய்கிறேன்.

பள்ளியின் நிலை

பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி புகையிலை விளையும் பகுதி. கவுண்டி என்பதை நம் மாவட்டம்போல ஒரு நிர்வாக அலகு என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக் குழந்தைகளும் கறுப்புக் குழந்தைகளும் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்க வேண்டும் என்று வர்ஜீனியாவின் 1902ஆம் ஆண்டு அரசியலமைப்பே சொன்னது. கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் 1939இல் திறக்கப்பட்டது. 180 பேருக்கு அளந்து கட்டிய செங்கல் கட்டடம் அது. பத்தே ஆண்டுகளில் படிக்க வந்தவர்கள் அதன் இரு மடங்குக்கும் மேலானார்கள்.

புதிய கட்டடம் வேண்டும் என்று பெற்றோர் கேட்டபோது, பள்ளி வாரியம் மூன்று கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது. மரச்சட்டம் அடித்து, மேலே தார் பூசிய கனத்த காகிதத்தைப் போர்த்திய கொட்டகைகள். சாலையில் போகிறவர்கள் அதைக் கோழிப் பண்ணை என்று நினைத்தார்கள். உள்ளே வெப்பத்துக்குக் கொட்டகைக்கு ஒரு அடுப்பு. குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு வியர்க்கும். சுவரோரம் உட்கார்ந்த பிள்ளை கோட்டைக் கழற்றாமலே பாடம் எழுதும். மழை பெய்தால் கூரை ஒழுகும். ஆசிரியர்களே விறகு போட்டு அடுப்பை மூட்டினார்கள். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, உணவுக்கூடம் இல்லை, அறிவியல் ஆய்வகம் இல்லை. இடம் போதாமல் நிறுத்தி வைத்த பஸ்ஸுக்குள்ளும் வகுப்பு நடந்தது. அதே ஊரில் வெள்ளை மாணவர்களின் உயர்நிலைப் பள்ளியில் இவை எல்லாம் இருந்தன.

பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தலைமையாசிரியர் எம். பாய்ட் ஜோன்ஸும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தை முன்னின்று நடத்திய போதகர் எல். பிரான்சிஸ் கிரிஃபினும் பள்ளி வாரியத்தின் கூட்டங்களுக்கு மாதக்கணக்கில் நடையாய் நடந்தார்கள். இடம் பார்க்கிறோம், பொறுங்கள் என்ற பதிலோடு ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார்கள்.

பார்பரா தன் மனக்குறையை இசை ஆசிரியை இனெஸ் டேவன்போர்ட்டிடம் சொன்னபோது, அதற்கு நீயே ஏதாவது செய்யலாமே என்று அவர் கேட்டார். ஆசிரியையின் பேச்சை முதலில் அலட்சியமான பதிலாகத்தான் பார்பரா எடுத்துக்கொண்டார். பிறகு நாள்கணக்கில் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாள் காலையில் பள்ளி பஸ்ஸைத் தவறவிட்டுச் சாலையோரம் காத்திருந்தபோது, வெள்ளை மாணவர்களின் பஸ் பாதி காலியாக அவரைக் கடந்து போனது. அன்றுதான் மனத்தில் முடிவு எடுத்ததாகப் பின்னாளில் அவர் எழுதி வைத்தார்.

யாரைச் சேர்த்தார்

1950ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், விளையாட்டுத் திடலின் படிக்கட்டு இருக்கைகளில் ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. பார்பரா கூப்பிட்டவர்களில் முக்கியமானவர் மாணவர் மன்றத் தலைவர் கேரி ஸ்டோக்ஸ். அவருடைய உடன்பிறந்தவரான ஜான் ஸ்டோக்ஸ், கிராமப்புறக் கறுப்பின இளைஞர்களின் விவசாயச் சங்கத்தில் முன்னணியில் இருந்தவர். இப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்து குழு ஏறக்குறைய 20 பேரானது.

அந்த 20 பேரில் பலரும் எதற்காவது பொறுப்பாளராக இருந்தவர்கள். பாடகர் குழு, நாடகக் குழு, பள்ளிப் பத்திரிகை, விவசாயச் சங்கம், மனையியல் சங்கம், மாணவர் மன்றம். பள்ளிக்கு அழகுக்காக இருக்கும் அமைப்புகள் என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தோன்றும். அவை செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. போட்டிக்கும் மாநாட்டுக்கும் என்று இந்த மாணவர்களை ஊருக்கு வெளியே அழைத்துப் போயின. பார்பராவும் அப்படிப் பயணம் செய்து வேறு ஊர்ப் பள்ளிகளைப் பார்த்திருந்தார். கறுப்பின மாணவர்களுக்கே இதைவிட நல்ல கட்டடங்கள் வேறு இடங்களில் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாத இடத்தில் கோபம்கூட முழுசாக வராது. தங்கள் கொட்டகை விதியல்ல, ஒரு வாரியத்தின் முடிவு என்று இந்தப் பிள்ளைகளுக்குப் புரியவைத்ததில் பாட்டுப் போட்டிக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பொறுப்பில் இருந்தவர்களைத் தேடிப் போனது பலித்ததற்கு இரண்டாவது காரணம் கைப்பழக்கம். கூட்டத்துக்கு நேரம் குறிப்பது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, வாக்கு எடுப்பது, ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பது எல்லாம் மன்றத்திலும் சங்கங்களிலும் அவர்கள் ஏற்கெனவே பழகியவை. பெரிய நிகழ்வுகளை விவரிக்கும்போது நாம் இவற்றைச் சொல்ல மறந்துவிடுகிறோம். ஆறு மாதம் ஒரு இரகசியத்தை 20 பேர் காத்தார்கள் என்றால், அதற்குப் பின்னால் இந்தப் பழக்கம் இருக்கிறது. தங்கள் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'மன்ஹாட்டன் திட்டம்'. அணுகுண்டு தயாரித்த இரகசியத் திட்டத்தின் பெயர் அது. போர் முடிந்து ஐந்தாண்டுதான் ஆகியிருந்தது. பெற்றோருக்குத் தெரியாது. பார்பராவின் தங்கை ஜோன் அதே பள்ளியில் படித்தார். அக்காவை மேடையில் பார்க்கும்வரை அவருக்கும் தெரியாது.

அவசரப்படாததையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெற்றோரின் கோரிக்கைக்கு வாரியம் இணங்கிவிட்டால் இவர்களுக்கு வேலையே இல்லை. அதற்காகக் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார்கள். வசந்தம் வந்தும் எதுவும் அசையாதபோதுதான் நாள் குறித்தார்கள்.

ஏப்ரல் 23, திங்கட்கிழமை

காலை 11 மணி வாக்கில் தலைமையாசிரியர் அறையில் தொலைபேசி மணி அடித்தது. உங்கள் மாணவர்கள் இருவர் கிரேஹவுண்ட் பஸ் நிலையத்தில் சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், போலீஸ் பிடிக்கப் போகிறது என்று ஒரு குரல் சொன்னது. ஜோன்ஸ் உடனே கிளம்பிப் போனார். அழைத்தது குழுவைச் சேர்ந்த மாணவர்.

அவர் போனதும் வகுப்புக்கு வகுப்பு சிறு சீட்டுகள் போயின. உடனே எல்லாரும் மண்டபத்தில் கூட வேண்டும் என்று எழுதி, கீழே ஆங்கில 'ஜே' எழுத்து ஒன்று போட்டிருந்தது. தலைமையாசிரியர் சீட்டு அனுப்பினால் அப்படித்தான் கையொப்பம் இருக்கும். ஜோன்ஸ், ஜான்ஸ் இரண்டு பெயருக்குமே ஆங்கிலத்தில் முதலெழுத்து அதுதான். ஆசிரியர்கள் சந்தேகப்படவில்லை, மாணவர்களை வரிசையாக மண்டபத்துக்கு அழைத்து வந்தார்கள்.

திரை விலகியது. தலைமையாசிரியர் நிற்க வேண்டிய இடத்தில் பார்பரா நின்றார். பின்னால் குழுவினர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர்கள் மண்டபத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று பார்பரா கேட்டுக்கொண்டார். சிலர் எதிர்த்தபோது, காலணியைக் கழற்றி இருக்கையில் ஓங்கித் தட்டினார். ஆசிரியர்கள் வெளியே போனார்கள். பிறகு கொட்டகைகளைப் பற்றியும் அடுப்புகளைப் பற்றியும் பேசினார். எல்லாரும் சேர்ந்து நின்றால் யாரையும் தண்டிக்க முடியாது, ஃபார்ம்வில் சிறையில் நம் அத்தனை பேருக்கும் இடம் கிடையாது என்று சொன்னார்.

அந்த மேடைக் காட்சியில் எனக்குப் பிடித்த பகுதி பின்னால் இருந்த நாற்காலிகள்தான். வழக்கமான கூட்டத்தில் யார் யார் எங்கே உட்காருவார்களோ அதே ஒழுங்கு. அதிர்ச்சியில் இருந்த 450 பேருக்கு, இது நான்கைந்து பேரின் கலாட்டா இல்லை, தாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்களும் இதில் இருக்கிறார்கள் என்பதை அந்த வரிசை சொல்லாமல் சொன்னது. பார்பரா தனியாக நின்றிருந்தால் பேச்சு அதேதான். ஆனால் கேட்டவர்கள் எழுந்து பின்னால் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

மாணவர்கள் வெளியே வந்தார்கள். முன்கூட்டியே எழுதி வைத்திருந்த அட்டைகள் கைக்கு வந்தன. புதிய பள்ளி கொடுங்கள், இல்லையென்றால் எதுவும் வேண்டாம். தார்த்தாள் கொட்டகைகள் ஒழிக. பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், கடைத்தெருவில் திரியக் கூடாது என்பதில் குழு கண்டிப்பாக இருந்தது. போக்கிரித்தனம் என்று ஒரு சொல் எழுந்தாலும் கோரிக்கை அதோடு அடிபட்டுப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஏமாற்றப்பட்டதை அறிந்து திரும்பி வந்த தலைமையாசிரியர், வகுப்புக்குப் போய்விடுங்கள், வாரியத்தோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்று மன்றாடினார். உங்கள் அறைக்குப் போங்கள் சார் என்ற தோரணையில் மாணவர்கள் அவரிடம் பணிவாகச் சொன்னார்கள். அவரும் போனார்.

பொய் அழைப்பும் போலிச் சீட்டும் சரியா என்று இந்த நிகழ்வைப் படிக்கும் ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். நான் பார்க்கும் கோணம் இது: அந்தப் பொய் அவரைப் பாதுகாக்கவும் செய்தது. வாரியத்தின் முன் நிறுத்தப்பட்டால், நான் அப்போது பள்ளியிலேயே இல்லை என்று அவர் உண்மையாகவே சொல்ல முடியும். பெரியவர்களைத் தள்ளி வைப்பதன் மூலம்தான் பெரியவர்களின் வேலையைக் காப்பாற்ற முடியும் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். கணக்கு பலிக்கவில்லை. அடுத்த ஆண்டுக்கு ஜோன்ஸின் ஒப்பந்தத்தை வாரியம் புதுப்பிக்கவில்லை.

இரண்டு முடிவுகள்

அன்று பிற்பகலிலேயே குழு போதகர் கிரிஃபினை நாடியது. நாங்கள் பெற்றோரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று அவரிடம் கேட்டார்கள். தான் தீர்ப்புச் சொல்லாமல், நீங்களே வாக்கெடுத்து முடிவு செய்யுங்கள் என்றார் கிரிஃபின். கருத்து இரண்டாகப் பிளந்து கிடந்தது. இந்த ஒரு தடவை பெற்றோர் நம் பின்னால் வரட்டும் என்று ஒரு மாணவர் எழுந்து சொன்ன பிறகு, அனுமதி கேட்க வேண்டாம் என்று தீர்மானமானது. ஒரு பெரியவர் மாணவர் தலைமைக்குச் செய்யக்கூடிய உதவிகளில் கிரிஃபின் செய்ததைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. இடத்தைக் கொடுத்தார், தொடர்பைக் கொடுத்தார், முடிவை அவர்களிடமே விட்டார்.

அதே நாளில் ரிச்மண்டில் இருந்த வழக்கறிஞர்களுக்கு ஒரு கடிதம் போனது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்துக்காக வழக்காடியவர்கள் அவர்கள். கடிதத்தில் இரண்டு கையொப்பங்கள்: பார்பரா ஜான்ஸ், கேரி ஸ்டோக்ஸ். கிளர்ச்சியின் தலைவரும் மாணவர் மன்றத்தின் தலைவரும் சேர்ந்தே கையெழுத்திட்டிருக்கிறார்கள். மாணவர்கள் கவுண்டியின் கல்விக் கண்காணிப்பாளரையும் சந்தித்தார்கள். வகுப்புக்குத் திரும்புங்கள் என்பதே அங்கே கிடைத்த பதில்.

வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும் ஏப்ரல் 25 அன்று ஃபார்ம்வில் வந்தார்கள். வேறொரு வழக்குக்காக அவ்வழியே போக வேண்டியிருந்தது. பிள்ளைகளைச் சமாதானப்படுத்தி வகுப்புக்கு அனுப்பிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தார்கள். கிரிஃபினின் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளத்தில் மாணவர்களைச் சந்தித்தபோது அவர்களின் ஒழுங்கும் உறுதியும் இருவரையும் அசைத்துவிட்டன. எடுத்துக்கொள்கிறோம், ஆனால் நிபந்தனை உண்டு என்றார்கள். நல்ல கட்டடம் கேட்டு வழக்குப் போட முடியாது. பிரிவினையே கூடாது என்று கேட்டால்தான் வருவோம். பெற்றோரும் துணை நிற்க வேண்டும்.

இதற்கு ஒரு பின்னணி இருந்தது. 1950 ஜூனில் உச்ச நீதிமன்றம் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் தொடர்பான இரண்டு வழக்குகளில் கறுப்பின மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. அதன் பிறகு, தனியாக இருந்தாலும் சமமாக இருக்கட்டும் என்று கேட்கும் வழக்குகளைக் கைவிட்டு, பிரிவினையின் வேரிலேயே கை வைப்பது என்று அந்தத் தேசியச் சங்கம் முடிவெடுத்திருந்தது. ஃபார்ம்வில் மாணவர்கள் கேட்டதோ பழைய கேள்வி. இரண்டு நாள் முன்பு அவர்கள் தூக்கிய அட்டைகளில் புதிய பள்ளி என்றுதான் இருந்தது. வெள்ளை மாணவர்களோடு சேர்ந்து படிப்பது பற்றி ஒரு வரி இல்லை.

இந்த ஆய்வின் நடுமுடிச்சு இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மாணவர் குழு தன் பள்ளிக்கு ஒரு கட்டடம் கேட்டு எழுந்தது. உதவிக்கு வந்தவர்கள், நீங்கள் கேட்பது போதாது என்றார்கள். மாணவர்கள் திகைத்தார்கள், யோசித்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். பெரியவர்கள் பிள்ளைகளைத் தங்கள் போருக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று அன்றே சிலர் குற்றம் சாட்டினார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. வழக்கறிஞர்கள் ஒளித்து வைத்து எதையும் செய்யவில்லை. நிபந்தனையை முகத்துக்கு நேரே சொல்லி, வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பையும் கொடுத்தார்கள். ஆனாலும் ஒரு உண்மை மிஞ்சுகிறது: அந்தக் கணத்திலிருந்து முடிவுகள் மாணவர்களின் கையை விட்டு நழுவத் தொடங்கின.

மே 3 அன்று தேவாலயத்தில் ஊர் திரண்ட பெருங்கூட்டம் நடந்தது. பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து, கட்டடம் கேட்டால் சரி, பிரிவினையை எதிர்ப்பது சரியில்லை என்று பேசினார். கூட்டம் தடுமாறியது. பார்பரா எழுந்து, அவரைப் போன்றவர்கள் நம்மைப் பின்னுக்கு இழுக்க விடாதீர்கள் என்று கடுமையாகவே மறுத்தார். 16 வயதுப் பெண் ஊர்ப் பெரியவரைச் சபையில் எதிர்த்துப் பேசுவது அங்கேயும் சாதாரணம் அல்ல. கூட்டம் அவர் பக்கம் நின்றது. மே 7 அன்று மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள். இரண்டு வாரம் நீடித்த புறக்கணிப்பு முடிந்தது.

மே 23 அன்று 117 மாணவர்களின் பெயரில் வழக்குத் தாக்கலானது. பட்டியலில் முதலில் இருந்தவர் டோரதி டேவிஸ் என்ற 14 வயது ஒன்பதாம் வகுப்பு மாணவி. அதனால் அது 'டேவிஸ் எதிர் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி பள்ளி வாரியம்' என்று பெயர் பெற்றது. பிரவுன் தீர்ப்பில் இணைந்த ஐந்து வழக்குகளின் மனுதாரர்களை மொத்தமாக எண்ணினால் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் இந்தச் சிற்றூர்ப் பிள்ளைகள்.

450 பேர் வெளிநடப்புச் செய்த பள்ளியில் 117 பெயர்கள். மீதிப் பேர் பயந்தவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. புகையிலை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், வெள்ளைக்காரர் கடையில் விதைக்கும் உரத்துக்கும் கடன் சொல்லி வாங்குபவர், அவர்கள் வீட்டில் சமையல் செய்பவர் என்று ஒவ்வொரு பெற்றோரின் கையொப்பத்துக்கும் பின்னால் ஒரு பிழைப்பு இருந்தது. பிள்ளை வகுப்பை விட்டு வெளியே வருவதற்கும், அப்பாவின் பெயர் நீதிமன்றக் காகிதத்தில் ஏறுவதற்கும் நடுவே இருந்த தூரம் அது.

பார்பராவின் கதி

மிரட்டல்கள் வந்தன. பள்ளி வளாகத்தில் சிலுவை ஒன்று எரிக்கப்பட்டது. கறுப்பின மக்களை அச்சுறுத்திய கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் அடையாளம் அது. பெற்றோர் பார்பராவை அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரிக்கு, அவருடைய தந்தையின் சகோதரரான வெர்னன் ஜான்ஸின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் அவர். அவருக்குப் பின் அதே பொறுப்புக்கு வந்தவர் மார்ட்டின் லூதர் கிங். பார்பரா பள்ளிப் படிப்பை அங்கேதான் முடித்தார். தான் கேட்ட பள்ளியில் அவர் ஒரு நாளும் படிக்கவில்லை. பின்னாளில் பிலடெல்பியாவில் நூலகராக வேலை பார்த்து, ஐந்து பிள்ளைகளை வளர்த்து, 1991இல் 56 வயதில் காலமானார்.

வர்ஜீனியாவின் சார்பில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் நூறாண்டுக்கும் மேலாக நின்ற தளபதி ராபர்ட் லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் தளபதி அவர். அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பராவை. 2025 டிசம்பரில் அவருடைய வெண்கலச் சிலை அங்கே திறக்கப்பட்டது.

எது கிடைத்தது, யார் கொடுத்தார்கள்

மாணவர்களின் முதல் கோரிக்கை சீக்கிரமே நிறைவேறியது. அதுவரை பணமில்லை, இடமில்லை என்ற அதே நிர்வாகம், 1953இல் உடற்பயிற்சிக் கூடமும் உணவுக்கூடமும் கொண்ட புதிய மோட்டன் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தது. வழக்கை வலுவிழக்கச் செய்வதும் பிரிவினையைத் தக்கவைப்பதும்தான் நோக்கம். பெற்றோர் மனுக்கள் பல ஆண்டுகள் அசைக்க முடியாததை ஒரு வெளிநடப்பு இரண்டே ஆண்டில் அசைத்துவிட்டது.

பிரிவினையே கூடாது என்ற இரண்டாவது கோரிக்கையின் வரலாறு வேறு. மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம் 1952 மார்ச்சில், வசதிகள் சமமில்லை, அதைச் சரிசெய்யுங்கள், ஆனால் பிரிவினை செல்லும் என்றது. மேல்முறையீட்டில் 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. ஆனால் எப்போது அமல் என்பதை ஒரு கெடு வைத்துச் சொல்லவில்லை. வர்ஜீனியா அரசியல்வாதிகள் 'பெரும் எதிர்ப்பு' என்று பெயரிட்டு அந்த இடைவெளியில் நுழைந்தார்கள். கடைசியில் 1959இல், இனி சேர்ந்து படிக்கவைத்தே ஆக வேண்டும் என்ற ஆணை வந்தபோது, பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி செய்த காரியத்தை இன்றும் என்னால் ஆறிய மனத்தோடு எழுத முடியவில்லை. பொதுப் பள்ளிகளுக்கு ஒரு டாலர்கூட ஒதுக்காமல் அத்தனையையும் மூடிவிட்டார்கள்.

மூடிய பள்ளிகள் 1964 வரை திறக்கவில்லை. வெள்ளைக் குழந்தைகளுக்காகத் தனியார் பள்ளி ஒன்று உடனே முளைத்தது. கொஞ்ச காலம் அரசின் கல்வி மானியமும் வரிச் சலுகையும் அதற்குத் துணை நின்றன. ஏறக்குறைய 1,700 கறுப்புக் குழந்தைகளுக்கு எதுவும் இல்லை. தேவாலய அடித்தளங்களில் சில வகுப்புகள் நடந்தன. சிலரைக் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வேறு மாநிலங்களில் குடும்பங்களோடு தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். சிலர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். பலர் வயலுக்குப் போனார்கள். 1959இல் முதல் வகுப்பில் சேர வேண்டிய ஆறு வயதுக் குழந்தை, 1963இல் நன்கொடையில் இலவசப் பள்ளிகள் திறந்தபோது பத்து வயதில்தான் வகுப்பறைக்குள் நுழைந்தது. கிரிஃபின் வழக்கை மீண்டும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். இந்தத் தடவை மனுவில் அவருடைய சொந்தப் பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. 1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளிகளைத் திறந்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது.

1951இல் மண்டபத்தில் எழுந்து நின்றவர்கள் 1959க்குள் படித்து முடித்துவிட்டார்கள். விலை கொடுத்தவர்கள் அவர்களின் தம்பி தங்கைகள், அக்கா பிள்ளைகள். அப்போது பிறந்தேயிராதவர்களும் உண்டு. வாக்கெடுப்பில் அவர்களுக்கு இடமில்லை. இதைச் சுட்டிக்காட்டி, பிள்ளைகள் அன்று பேசாமல் இருந்திருக்கலாம் என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். பள்ளியை மூடியது மாணவர் குழு அல்ல. வயதுவந்த, வாக்குரிமை பெற்ற, சட்டம் தெரிந்த மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த முடிவு அது. பழியை 16 வயதுப் பிள்ளைகள் மேல் இறக்கிவைப்பது அநியாயம். அதே சமயம், ஒரு மன்றம் எடுக்கும் முடிவு அந்த ஆண்டு மாணவர்களோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியாது.

பழைய மோட்டன் கட்டடம் 1998இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 2001 ஏப்ரல் 23 அன்று, சரியாக ஐம்பதாம் ஆண்டு நாளில், அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பார்வையாளர்கள் முதலில் போவது அந்த மண்டபத்துக்குத்தான்.

2003ஆம் ஆண்டு வர்ஜீனியா சட்டமன்றம் பள்ளிகளை மூடியதற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த ஆண்டு ஜூனில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, படிப்பை முடிக்க வாய்ப்பில்லாமல் போனவர்களுக்குக் கௌரவப் பட்டயம் வழங்கியது. அங்கியும் தொப்பியும் அணிந்து, பெயர் கூப்பிடப்பட்டதும் எழுந்து மேடைக்குப் போனவர்கள் 50 வயதையும் 60 வயதையும் தாண்டியவர்கள்.